விளக்குக்கு வைத்த பொட்டு

அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூட அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். தேர்தல் அதிகாரி ஒருவர். ஓட்டுச் சீட்டு எண்ண டீச்சர்கள் இரண்டு பேர். வாசலில் ஒரு போலீஸ்காரர். எங்கள் வார்டில் நின்ற லாட்ஜ்காரர். அவருக்கு ஏஜெண்டாக அவர் மச்சான். எதிர்த்து நின்ற தம்பி. தம்பிக்கு ஏஜெண்டாக நான்.

தம்பி என்று நான் சொல்கிற ஆளை இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். மந்திரியாக இருந்தார். டெல்லியில் பேசினால் டிவியில் காட்டினார்கள். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல வெள்ளைச் சட்டை ஒன்றுதான் இருந்தது.

கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் நான் இஸ்திரி வண்டி போட்டிருந்தேன். படிப்பு மூன்றாவது வரை. தம்பி காலையில் பனியனோடு வந்து நிற்பார். சட்டை தேய்த்து முடிகிற வரைக்கும் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். எனக்காகப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். குரல் தெருக்கோடி வரை போகும்.

மாவட்டம் பிரிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. எதற்கும் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று ஜனங்கள் கண்டுகொண்ட காலம். தம்பி என் வண்டி ஓரத்தில் பேப்பரை வைத்து எழுதிக் கொடுப்பார். வருகிற பொம்பளைகள் மாமியார் கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

"எல்லாம் சரிம்மா. ஒரே வரில சொல்லு, இன்னா வேணும்?"

"தண்ணிதான் வேணும். வேற இன்னா கேக்கப்போறேன்?"

அந்த ஒரு வரியைத்தான் எழுதுவார். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்கால் வரை சைக்கிளில் போய் அவரே கொடுத்துவிட்டு வருவார்.

வார்டு தேர்தல் வந்ததும் நிற்கிறேன் என்றார். அவர் அம்மா என் வண்டிக்கு முன்னால் வைத்தே சொல்லிவிட்டது. "ஒரு தடவதான். தோத்தினா பெங்களூர்ல மாமா கடைக்குப் போயிடணும். இந்தப் பேச்செல்லாம் அப்புறம் ஆகாது." தம்பி சரி என்றார். அந்த அம்மா சொன்னால் சொன்னதுதான்.

குத்துவிளக்கு சின்னம் கிடைத்தது. எங்கள் தெருச் சுவரில் ஆள் உயரத்துக்கு விளக்கு வரைந்தார்கள். அழகாக இருந்தது. ஆனால் விளக்கு வெறுமையாக நின்றால் எனக்குப் பொறுக்காது. மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு, அதன் தண்டில் மூன்று இடத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பொம்பளைகள் வைத்துவிட்டார்கள். யாரோ பூவும் வைத்தார்கள். தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, பொட்டு வச்ச கை வேற எங்க குத்தும்?"

அவருடைய சிநேகிதர்கள் எல்லாம் கூலிக்குப் போகிறவர்கள். எண்ணுகிற அன்றைக்கு ஒருத்தருக்கும் லீவு இல்லை. என்னை ஏஜெண்டாக வரச் சொன்னார். நான் துணி எண்ணினால் தப்பு வராது. அது தெருவுக்கே தெரியும். லாட்ஜ் பெட்ஷீட்டும் நான்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் என்னைப் பார்த்ததும் லாட்ஜ்காரருக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா, பெட்ஷீட் எண்றதை வுட்டுட்டு ஓட்டு எண்ண வந்துட்ட?"

"ரெண்டும் எண்ணிக்கைதாங்க."

"நாளைலருந்து பெட்ஷீட் வராது."

"சரிங்க."

மறுநாளிலிருந்து வரவில்லைதான்.

பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கினார்கள். இரண்டாவது கட்டிலேயே டீச்சர் நிறுத்தினார்.

"சார், இதுல என்னமோ செவப்பா இருக்கு."

அதிகாரி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தொட்டார். "குங்குமம்" என்றார்.

விளக்கின் மேல் முத்திரை சரியாகக் குத்தியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. அடுத்ததிலும் இருந்தது. ஒன்றில் மஞ்சளும் சேர்ந்திருந்தது.

லாட்ஜ்காரர் மச்சான் வாய்விட்டுச் சிரித்தான். "ஓட்டுப் போட வந்தாங்களா, விளக்கு பூஜைக்கு வந்தாங்களா?"

"முத்திரையத் தவிர வேற அடையாளம் இருந்தா செல்லாதுங்க" என்றார் அதிகாரி.

"சார், ஓட்டு யாருக்குன்னு தெரியுதே?" என்றார் தம்பி.

"தெரியுதுப்பா. நல்லாவே தெரியுது. ஆனா செல்லாது."

தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் போட்டார்கள். மத்தியானம் முடிவு சொன்னார்கள். லாட்ஜ்காரர் ஒன்பது ஓட்டு ஜாஸ்தி. மச்சான் மாலை வாங்க ஓடினான்.

நான் தம்பி பக்கம் திரும்பினேன். சொல்லிவிட்டேன்.

"தம்பி, மொதல்ல சுவத்துல பொட்டு வச்சவ நான்தான்."

"தெரியும்க்கா. பாத்துட்டு சிரிச்சவன் நான்தான?"

அடுத்த வாரம் பெங்களூர் பஸ் ஏறினார். மாமாவின் பாத்திரக் கடையில் நின்றார். மூன்றாம் வருஷம் அம்மாவே கூப்பிட்டுக்கொண்டது. அடுத்த தேர்தலில் மாதிரிச் சீட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அடுப்படி வரைக்கும் போய்க் காட்டுவார். "பொட்டை உங்க வீட்டு வெளக்குக்கு வையுங்கம்மா, சீட்டுல வெறும் முத்திரை" என்பார். பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். ஜெயித்தார். பெரிய பதவிக்குப் போன பிறகும் ஓட்டுக் கேட்டு வந்தால் அப்படித்தான், சீட்டைக் காட்டாமல் கிளம்ப மாட்டார். அந்த நாளெல்லாம் நினைத்தால் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த மத்தியானம் இதெல்லாம் வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்? லாட்ஜ்காரர் வெளியே போய்விட்டார். வாசலில் பட்டாசு வெடித்தது. தம்பி நகரவில்லை. அட்டைப்பெட்டியைக் காட்டினார்.

"சார், அதை ஒரு தடவ பாக்கலாமா?"

"தொடக் கூடாது. நான் திருப்பறேன், பாருங்க."

அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினார். சில பொட்டு பெரிசு. சில கடுகளவு. எது யார் விரல் என்றுகூட எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தினிக்கா?"

ஒரு தடவைதான் எண்ணினேன்.

முப்பத்தொன்று.