போய் நிறுத்த ஓர் இடம்

நீலத் துண்டை உதறி, சாய்வு நாற்காலியின் தலைமாட்டில் ஒரு முனையைச் செருகி, கால்மாட்டுக்கு இழுத்துவிட்டு, இரண்டு ஓரமும் சமமாகத் தொங்குகிறதா என்று குனிந்து பார்க்கிறார். பிறகு வலப்பக்கம் ஒரு பார்வை, இடப்பக்கம் ஒரு பார்வை, தோளுக்கு மேலே பின்னால் ஒரு பார்வை. கண்ணாடி பார்த்துப் பழகிய கழுத்து. நாற்காலியை அரை முழம் கடல் பக்கமாகத் தள்ளிவிட்டு, அதில் உட்காராமல் பக்கத்தில் காவல் நிற்கிறார். கப்பலின் மேல்தளத்தில் பொழுது விடிந்ததும் நடக்கிற முதல் காரியம் இதுதான். காப்பி எந்திரம்கூட அதற்குப் பிறகுதான் கண் விழிக்கும்.

ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எங்கள் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'. சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் காரில் ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதித்து மிதித்துப் பழகிய கால் சும்மா இருப்பதில்லை. கப்பல் லேசாகச் சாய்ந்தால் மேசைக்கடியில் ஒரு அழுத்து அழுத்தும். தட்டில் சூப் சிந்தாமல் இருப்பதற்குத் தன் கால்தான் காரணம் என்று நினைத்தாரோ என்னவோ, சாய்வு நின்றதும் எங்களை ஒருமுறை திருப்தியாகப் பார்ப்பார்.

முதல் நாளே சேவை கவுன்ட்டரில் அவர் கேட்ட கேள்வி, "இப்ப யாரும்மா ஓட்டுறது?"

கவுன்ட்டர் பெண் சிரித்த முகம் மாறாமல் கேப்டனின் அனுபவத்தை எடுத்துச் சொன்னாள்.

"அது சரி. ராத்திரி?"

ராத்திரிக்கு வேறு அதிகாரிகள் என்றாள்.

"அவங்க பகல்ல ஒழுங்காத் தூங்குனாங்களான்னு யாரு பாக்குறது?"

பின்னால் வரிசையில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைச் சாவி வேலை செய்யவில்லை என்று சொல்ல வந்தவள் நான். இந்த மனிதர் கப்பலுக்கே லைசென்ஸ் பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறார்.

மேல்தளத்திலும் என் பக்கத்திலேயே வந்து வாய்த்தார். நிம்மதியாக வாசிக்கலாம் என்று தலையணை மாதிரி ஒரு புத்தகம் கொண்டுபோயிருந்தேன். நாலு பக்கம் தாண்டுவதற்குள், "மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் இதப் பாத்துக்குறீங்களா?" என்று நாற்காலியைக் காட்டிவிட்டுப் படியிறங்கி ஓடுவார். மூச்சிரைக்கத் திரும்பி வருவார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு துண்டைச் சரிசெய்வார். மறுபடி முகம் மாறும், மறுபடி ஓடுவார்.

கப்பலில் ஒரு விதி. ஆள் இல்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் துண்டு மட்டும் கிடந்தால் துண்டை எடுத்துவிடுவார்கள், நாற்காலி அடுத்தவருக்கு. அதை நிறைவேற்றுவதற்கென்றே பிறந்தவர் போல ஒரு மேற்பார்வையாளர் அம்மாள் தள்ளுவண்டியுடன் சுற்றிக்கொண்டிருந்தார். பயணிகள் அவருக்கு வைத்த பெயர் துண்டம்மா. முகத்தில் கோபமும் இருக்காது, இரக்கமும் இருக்காது. அவர் தலை தெரிந்தால் போதும், தூங்குகிறவர்கள்கூடக் காலை ஆட்டித் தாங்கள் இருப்பதைக் காட்டிக்கொள்வார்கள்.

மாஸ்டரின் துண்டு இரண்டு முறை வண்டியில் ஏறிவிட்டது. இரண்டு முறையும் துரத்திப்போய்க் கெஞ்சி வாங்கி வந்தார்.

"யாருக்குங்க இந்த நாற்காலி? நீங்களும் உக்காரக் காணோமே?" என்று மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன்.

"எங்க வீட்லங்க" என்றார். மனைவியைத்தான் சொன்னார்.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாராம். "பெரிய பெரிய ரவுடிங்கல்லாம் எங்க வீட்டம்மா ஊசியோட வந்தாக் கண்ண மூடிக்குவானுங்க மேடம். அவங்க எதுக்கும் அசந்து நான் பாத்ததில்ல." அவருக்கு ராத்திரி வேலை. மாஸ்டருக்கோ விடியற்காலையில் முதல் வகுப்பு. "சாவிய என் கையில குடுத்துட்டு அவங்க உள்ள வருவாங்க, நான் வெளிய போவேன். அப்படியே காலம் ஓடிப்போச்சு." இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் எங்கும் போனதில்லை. கப்பலில் போனால் நன்றாயிருக்கும் என்று அவர் எப்போதோ வாய்தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இவர் டிக்கெட் போட்டுவிட்டார்.

கப்பல் கிளம்பும் முன் சங்கு ஊதி எல்லாரையும் கூட்டி அவசரகால ஒத்திகை நடத்தினார்கள் அல்லவா? நாங்களெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றோம். கப்பலைக் கைவிட நேர்ந்தால் என்று ஒலிபெருக்கி ஆரம்பித்ததும் அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டதாம். "எங்க ஆஸ்பத்திரியில எதுக்கெல்லாம் ஒத்திகை பாத்தமோ, அதெல்லாம் ஒருநாள் நடந்திருக்குங்க" என்று சொல்லி அறைக்குள் போனவர்தான். அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. சாப்பாடும் உள்ளேயே.

மாஸ்டர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கியிருந்தார். "பயந்தவங்கள எடுத்ததும் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகக்கூடாது மேடம். மொதல்ல வண்டியில சும்மா உக்கார வைக்கணும். இஞ்சினையே தொடக்கூடாது." ஆகவே முதலில் அறைக் கதவைத் திறந்து வைத்து, வாசலில் நிற்க மட்டும் வைத்தார். அடுத்து நடைபாதையில் கொஞ்ச தூரம். அன்று காலை லிஃப்ட் வரை வந்து, லிஃப்டின் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

"சரி, அதுக்கு எதுக்கு இந்த நாற்காலி? வர்றப்ப ஒண்ணு பிடிச்சுக்கலாமே?"

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "போய் நிறுத்த ஒரு இடம் இருக்குன்னு தெரியணும் மேடம். நிறுத்த இடம் இல்லன்னா நல்லா ஓட்டுறவனே பதறிடுவான். அவங்க மேல வந்து, உக்கார இடமில்லாம ஒரு நிமிஷம் முழிச்சுட்டு நின்னாங்கன்னு வைங்க, அப்படியே திரும்பிடுவாங்க. அப்புறம் நான் தலகீழா நின்னாலும் வரமாட்டாங்க."

அதற்குப் பிறகு எனக்கு வாசிப்பு ஓடவில்லை. அவர் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

நாற்காலிக்கு விதிவிலக்குக் கேட்டு கவுன்ட்டருக்குப் போனார். கப்பல் டாக்டர் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். டாக்டரிடம் காட்ட அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. "பயம்னு ஒரு டாக்டர் எழுதி, அதுல என் பேர் இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டாராம். நியாயம்தானே.

மறுநாள் காலை கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பதாக இருந்தது. அங்கே இறங்கி விமானம் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவதாக அந்த அம்மாள் முடிவெடுத்துவிட்டார். "நீங்க இருந்து எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க" என்றாராம். அதை என்னிடம் சொன்ன கையோடு மாஸ்டர் மறுபடி கவுன்ட்டருக்குக் கிளம்பினார். இந்த முறை நானும் கூடப் போனேன்.

"ஏம்மா, பாதியில இறங்கக்கூடாதுன்னு ஏதாவது விதி இருக்கா?"

"இறங்கலாம் சார். ஆனா பயணத்த முடிச்சுக்கிட்டு இறங்குனா திரும்ப ஏற முடியாது."

"இறங்கவே முடியாதுன்னு எங்க ரூமுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடேன். புண்ணியமாப் போகும்."

அந்தப் பெண்ணுக்கு முதல்முறையாகச் சிரிப்பு நின்றது. "இல்லாத விதிய நாங்க சொல்லக்கூடாது சார்" என்றாள், உண்மையான வருத்தத்தோடு.

"எத்தனையோ விதி வச்சிருக்கீங்க. எனக்கு வேண்டியது ஒண்ணு இல்ல பாருங்க" என்றார் மாஸ்டர். அவள் மேசைமேல் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். ஒன்றை எடுத்து, பிரிக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு படியேறினார்.

அன்று பிற்பகல் மேல்தளத்துச் சுவரில் இருந்த தொலைபேசியில் அறைக்குப் பேசிவிட்டு ஓடிவந்தார். "லிஃப்ட்டுக்குள்ள வர்றேன்னுட்டாங்க மேடம்! நான் பக்கத்துல இருக்கணும். நாற்காலி உங்க பொறுப்பு." சொன்னவர் எதிரே வந்தவரை இடித்துக்கொண்டு மறைந்தார்.

நீச்சல் குளத்தில் ஏதோ போட்டி. நாற்காலி கிடைக்காமல் ஜனங்கள் ஈரத்தோடு அலைந்தார்கள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்ததில் இரண்டு காலையும் நீட்டிப் போட்டுக்கொண்டேன். நேரம் போனது. அவர் வரவில்லை. தள்ளுவண்டி வந்தது.

"இது யாரோடது?"

"வந்துட்டே இருக்காங்க."

"காலையிலேர்ந்து வந்துட்டே இருக்காங்க. காலக் கொஞ்சம் எடுங்க மேடம்."

கெஞ்சினேன். குரலை உயர்த்தியும் பார்த்தேன். துண்டம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துண்டை மடித்து வண்டியில் வைத்தார். கையில் ஐஸ்கிரீமோடு காத்திருந்த ஒரு பருத்த மனிதர் நன்றி சொல்லிக்கொண்டு சாய்ந்தார். இப்போது மட்டும் வந்துவிடக்கூடாதே என்று நான் நினைக்கும்போதே கண்ணாடிக் கதவு திறந்தது.

முதலில் மாஸ்டரின் முதுகு தெரிந்தது. பின்னோக்கி நடந்து வந்தார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, "வாங்க... வாங்க... நேரா... அவசரமே இல்ல" என்று, புது மாணவருக்குச் சொல்கிற அதே மரியாதையில் மனைவியை அழைத்தார். அவருக்கு எதிரே ஒல்லியான, நிமிர்ந்த ஓர் அம்மாள். தலை படிய வாரியிருந்தார். கழுத்து வரை இறுக்கிப் பூட்டிய ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்.

எல்லாவற்றையும் சொன்ன மனிதர் இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

ஐஸ்கிரீம்காரர்தான் முதலில் எழுந்தார். "என்னாச்சு? ஏதாவது அறிவிச்சாங்களா?" அவரைப் பார்த்துப் பக்கத்துக் குடும்பம் எழுந்தது. குளத்திலிருந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். செருப்பைத் தேடினார்கள். பாதி நாற்காலிகள் காலி. "ஒண்ணுமில்ல, எல்லாரும் உக்காருங்க!" என்று துண்டம்மா கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஈரக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் நேரே மாஸ்டரின் மனைவியிடம் ஓடினாள். "எங்க போய் நிக்கணும்? எங்களுக்கு யாருமே சொல்லலியே!"

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா. மூச்ச மெதுவா விடு. எனக்குத்தான் பயம். கப்பலுக்கு ஒண்ணும் ஆகல."

மாஸ்டர் அதற்குள் நாற்காலியைக் கைப்பற்றியிருந்தார். மனைவியை உட்கார வைத்துவிட்டு என் காதருகே, "அதக் கழட்டுறது கடைசிப் பாடம் மேடம். இன்னும் அங்க வரல" என்றார். கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

ஜனங்கள் அசட்டுச் சிரிப்போடு திரும்ப உட்கார்ந்ததும் துண்டம்மா வந்து நின்றார். "இதப் போட்டுக்கிட்டு இங்க இருக்கக்கூடாதுங்க. பாத்தீங்கல்ல?"

அந்த அம்மாளின் கைகள் எழுந்திருக்கப் போவதுபோல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தன.

"கழட்டிட்டா உக்காந்திருக்கலாமா?" என்றார் மாஸ்டர்.

"தாராளமா."

"பக்கத்துல யாராவது கையில வச்சிருக்கலாமா?"

துண்டம்மா யோசித்தார். "கையில வச்சிருக்கிறதப் பத்தி விதி ஒண்ணும் இல்ல" என்றார். வண்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்த அம்மாளின் மடிமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த அம்மாள் கடலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தானே பூட்டைக் கழற்றி, ஜாக்கெட்டை உருவி, பின்னால் நீட்டினார். மாஸ்டர் வாங்கிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அதன் இரண்டு தோளையும் பிடித்து, கை நுழைக்க வசதியாக விரித்து, மனைவியின் முதுகுக்கு நேரே ஏந்திக்கொண்டார்.

"கீழ வைங்க. கை வலிக்கும்" என்றார் அந்த அம்மாள், திரும்பாமலே.

"வலிக்கல."

வலித்தது. முழங்கையிலிருந்து நடுங்குவதை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

கொஞ்சம் பொறுத்து அந்த அம்மாள் கேட்டார். "என்னங்க, நாளைக்கு ஊர் பாக்க இறங்குறவங்க எல்லாம் எத்தன மணிக்குத் திரும்பி ஏறணுமாம்?"

மாஸ்டர் ஜாக்கெட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துப் பிடித்தார்.