அடைப்பெட்டிக்கு மணி கட்டிய கதை

எங்கள் வாத்துக்கு அடைகாக்கும் பொறுமை கிடையாது. முட்டையிடும், எழுந்து போய்விடும். அதனால் மலேசியாவில், எங்கள் குளுவாங் வீட்டின் பின்கட்டில், பழைய ஐஸ் பெட்டிக்குள் பல்பு மாட்டி நானே ஓர் அடைப்பெட்டி செய்தேன். சூட்டைப் பார்த்துக்கொள்ள, வீட்டு மின்சாரத்தில் ஓடும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று.

நான் தொழிற்சாலையில் இருக்கும்போது பல்பு போய்விட்டால்? கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவதற்காக ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கினேன். பல்புக்குப் போகும் முனைகளிலிருந்தே இரண்டு வயரை இழுத்து அதில் செருகிவிடலாம் என்பது என் திட்டம்.

சிங்கப்பூரில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் என் நாத்தனார் அன்று விடுமுறையில் வந்திருந்தாள். நான் ஸ்க்ரூ டிரைவருடன் குனிந்ததைப் பார்த்ததும் கடித்த கரிபாப் பலகாரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அலமாக்! கைய எடுங்க அண்ணி. முதல்ல பிளக்க புடுங்குங்க."

"சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டேனே."

"பத்தாது லா. பிளக் கண்ணு முன்னால கெடக்கணும். பல்பு முனையில இருநூத்தி நாப்பது வோல்ட். இந்தக் குட்டி போர்டு மூணு சொச்சம்தான் தாங்கும். போர்டும் போவும், தொட்டா நீங்களும் போவீங்க."

பிளக்கைப் பிடுங்கி அவள் கண்முன்னால் போட்டேன். அவள் கருவியைத் திருப்பி, எச்சரிக்கைக்கென்று தனியாக இருந்த இரண்டு முனைகளைக் காட்டினாள்.

"இது வெறும் சுவிட்ச். சூடு கொறஞ்சா ரெண்டும் ஒட்டிக்கும், அவ்வளவுதான். இதுலேர்ந்து எடுப்போம்."

சொன்னதோடு விடவில்லை. மின்சார முனைகளோடு அவற்றுக்குத் தொடர்பு இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். மெல்லிய வயரை வேறு துளை வழியாக வெளியே கொண்டுவந்து, தனி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்த போர்டில் இணைத்தோம். போர்டுக்குக் கைப்பேசி சார்ஜர். எல்லா மூடிகளையும் திருகிய பிறகுதான் பிளக்கைச் செருக விட்டாள். பெட்டியைத் திறந்து ஆறவைத்தோம். என் கைப்பேசி கூவியது. இருவரும் கைதட்டிச் சிரித்தோம்.

அடுத்த வாரமே வேலையில் இருக்கும்போது செய்தி வந்தது. வீட்டுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவரை, அழைத்தேன். அவர் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி முட்டைகளுக்கு நடுவே வைத்து, என் கணவர் வந்து பல்பை மாற்றும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதன்பின் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்.

குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளியே வந்தபோதும் எதிரே இருந்தது அவர் முகம்தான். இப்போது மக்சிக் குப்பை கொட்டப் போனாலும் பின்னால் ஒரு மஞ்சள் ஊர்வலம் போகிறது.