போர்த்துக்கல் அக்காவின் ஏழடுக்கு

எங்கள் ஆட்களின் அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தால் ஏழு மணிக்கு வர வேண்டும் என்று அர்த்தம். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஐந்து மணிக்கே போய் நின்றால் மண்டபத்தில் பலூன் ஊதிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கையிலும் நாலு பலூனைத் திணித்துவிடுவார்கள். வேலைக்கு ஒரு நிமிடம் பிந்தாத அப்பா, கொண்டாட்டம் என்று வந்தால் மட்டும் வேறொரு மணிக்கூட்டுக்கு மாறிவிடுவார். சுவிஸ்காரச் சிநேகிதர்களுக்கு அழைப்பிதழ் கொடுக்கும்போது ஏழு மணிக்கு வந்தால் போதும் என்று வாயால் சொல்லிவிடுவது வழக்கம். ஒருமுறை அதைச் சொல்லாமல் விட்டதால் எங்கள் வீட்டில் ஒருவருடைய வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது. அவர் என் சித்தப்பா.

அன்று தம்பியின் முதலாவது பிறந்தநாள். எனக்கு ஒன்பது வயது. லுசேர்ணில் ஒரு தேவாலயத்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தம்பிக்குத் தலைப்பாகை கட்டி, குட்டி இளவரசனாக்கி எடுத்த படத்தோடு அழைப்பிதழ் அச்சடித்திருந்தார்கள். படத்தில் இளவரசர் அழுவதற்கு ஆயத்தமாக இருந்தார்.

சித்தப்பா அப்பாவின் ஒரேயொரு தம்பி. எங்கள் வரவேற்பறை சோபாவில் இரவில் படுத்தெழும்பி, ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். அங்கே சலாட், தொட்டுச் சாப்பிடுகிற டிப் போன்ற குளிர்ந்த சாப்பாடுகள் செய்கிற பகுதியில் ஒரு போர்த்துக்கல் பெண் இருந்தார். இருவரும் விரும்பி, கல்யாணம் செய்வதென்று முடிவும் எடுத்திருந்தார்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தாய் தகப்பன் இல்லாத சித்தப்பாவுக்கு அப்பாவின் சொல்தான் எல்லாம். வீட்டில் வைத்து இந்தக் கதையை எடுத்தால் அப்பா எழும்பிப் பால்கனிக்குப் போய்விடுவார். ஊரெல்லாம் கூடியிருக்கிற மண்டபத்தில், மகனின் பிறந்தநாளன்று, சிரித்த முகத்தோடு நின்றுதானே ஆக வேண்டும்? அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் நிறுத்துவது என்பது சித்தப்பாவின் திட்டம். கெட்டிக்காரத்தனமான திட்டம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகு, ஃப்ரிபூர்க்கில் படிக்கப் போன என்னையும் என் சாமான்களையும் சித்தப்பா தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோதுதான். பிறந்தநாளன்று எனக்கு இருந்த ஒரே யோசனை என் புதுப் பாவாடையைப் பற்றியது.

பின்னேரம் அப்பா சோடாப் பெட்டிகளோடு என்னையும் மண்டபத்தில் இறக்கிவிட்டு, கேக் எடுக்கப் போய்விட்டார். மேடையில் சோடனைக்கு வந்த இரண்டு அண்ணைமார் பலூன் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு ஆட்களில் நான் மட்டும்தான் அங்கே. தேவாலயத்து மணி ஐந்து அடித்து ஓயவில்லை, ஒரு பெண் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நீலச் சட்டை, காதில் சின்ன முத்து, இரண்டு கையிலும் குளிர்ப்பைகள், கக்கத்தில் எங்கள் அழைப்பிதழ்.

வெறும் கதிரைகளைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. பைகளை வைத்துவிட்டு அழைப்பிதழை எடுத்துத் திகதியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். மண்டபம் இதுதானா என்று என்னிடம் ஜெர்மன் மொழியில் கேட்டார். இதுதான், படத்தில் இருப்பவன் என் தம்பிதான் என்றேன். அப்படியென்றால் மற்றவர்கள் எங்கே? வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் யாராவது 'இந்தா வந்திட்டம்' என்று போனில் சொன்னால் இனித்தான் குளிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அவர் நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

தான் என் சித்தப்பாவோடு வேலை செய்வதாகச் சொன்னார். சித்தப்பாவின் பெயரை அவர் சொன்ன விதம் எனக்குப் புதிதாக இருந்தது. நாங்கள் யாரும் அந்தப் பெயரை அவ்வளவு கவனமாகச் சொன்னதில்லை. பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளை ஏப்ரனை எடுத்து நீலச் சட்டைக்கு மேலே கட்டிக்கொண்டு, குசினி எங்கே என்றார். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவர் போர்த்துக்கல் அக்கா.

அவர் செய்ய வந்தது மெக்சிக்கோ டிப். ஹோட்டலுக்கு வருகிற அமெரிக்கக் கூட்டத்துக்காகப் பழகியதாம். மெக்சிக்கோவில் ஒருவருக்கும் இது தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். வருகிறவர்களில் மச்சம், இறைச்சி சாப்பிடாதவர்கள் இருப்பார்கள் என்று சித்தப்பா சொல்லியிருந்தபடியால், யாரும் ஒதுக்க முடியாத ஒரு சாப்பாட்டை யோசித்து எடுத்திருக்கிறார். எங்களில் ஒருவரைக்கூடத் தெரியாமல், எல்லோரையும் நினைத்துச் செய்த சாப்பாடு அது.

அகலமான கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. அடியில், அவித்து மசித்த சிவப்புப் பீன்ஸ். அதிலிருந்து வறுத்த சின்னச்சீரகம் மணந்தது. அது எங்கள் வீட்டு மணம், சித்தப்பாதான் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு மேலே தேசிக்காய்ப் புளி விட்டு மசித்த அவகாடோ. கரண்டியின் முதுகால் கரை வரைக்கும் இழுத்துவிட வேண்டும், பச்சை மேலே தெரியாமல் சவர் கிரீமால் மூட வேண்டும், காற்றுப் பட்டால் கறுத்துவிடும் என்றார். தக்காளியை வெட்டி உப்புப் போட்டு அரிதட்டில் வடிய வைத்தார். அது வடியுமட்டும் நானும் அவரும் வெங்காயத் தாளை அரிந்தோம். அவசரப்பட்டுத் தக்காளியைப் போட்டால் தண்ணீர் இறங்கி எல்லா அடுக்கும் கலங்கிவிடுமாம். பிறகு துருவிய சீஸ், கறுப்பு ஒலிவ்காய், ஆக மேலே வெங்காயத் தாள். ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு கிண்ணத்தின் உட்கரையைத் துணியால் துடைத்தார். கடைசி அடுக்கைத் தூவ என்னை விட்டார். கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தால் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருந்தது. கலக்கக் கூடாது, சோளச் சிப்ஸை அடி வரைக்கும் விட்டு எடுத்தால் ஒரு வாயில் ஏழும் வரும் என்று விளங்கப்படுத்தினார்.

வேலை செய்துகொண்டே கேள்விகள் கேட்டார். அப்பா நல்லாகச் சிரிப்பாரா? அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும்? வாசலில் சத்தம் கேட்கும் போதெல்லாம் ஏப்ரன் நாடாவை அவிழ்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோவார். பலூன் அண்ணைமார் சிகரெட் பத்தப் போவதைக் கண்டு திரும்பக் கட்டிக்கொள்வார். எனக்கு அது விளையாட்டுப் போலத் தெரிந்தது.

ஆறு மணி கடந்து அப்பா பின்வாசலில் காரை நிறுத்தி ஹோர்ன் அடித்தார். என்னை உடுத்தக் கூட்டிவரச் சொல்லி அம்மாவின் கட்டளை. ஓடிப்போய் ஏறி, சித்தப்பாவின் ஹோட்டலிலிருந்து ஒரு அக்கா சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்றேன். "அப்பிடியோ, நல்லது" என்றார் அப்பா. இறங்கிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அம்மா போனில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது காரில் எல்லோரும் இருந்தோம். தம்பியின் ஒரு சப்பாத்தைக் காணவில்லை என்று அம்மா எங்களைக் குடைந்துகொண்டிருந்தார். மண்டபத்துக்குக் கிட்டவாக, பஸ் தரிப்பிடத்தில் போர்த்துக்கல் அக்கா நின்றார். ஏப்ரன் இல்லை. ஒரு கையில் மடித்த பைகள், மற்றக் கையில் அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். நான் கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தேன். அவரும் அசைத்தார். ஏதோ வாங்கக் கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். அப்பா, நேரம் போச்சு நேரம் போச்சு என்றபடி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் அவரும் ஆகக் கிட்ட வந்தது அந்த இடத்தில்தான்.

மண்டபம் நிறைந்துவிட்டது. நான் நேரே குசினிக்கு ஓடினேன். அங்கே அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, சோற்றுச் சட்டிகளுக்கு நடுவில் நின்றார். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு அடுக்கும் இல்லை. எல்லாம் சேர்ந்து சாம்பலும் பச்சையுமாக ஒரு களி.

"ஆரோ ஒரு சலாட்டைக் கலக்காமல் வைச்சிட்டுப் போட்டினம். நான்தான் வடிவாக் கலந்து, பச்சை மிளகாயும் போட்டு, உப்பும் புளியும் விட்டனான். இப்பதான் வாயிலை வைக்கலாம்" என்றார் பெரியம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்தநாளில் அழக் கூடாது என்று அதட்டினார்கள். அழுவது தம்பியின் வேலை என்றும் யாரோ சொன்னார்கள்.

சித்தப்பா ஏழரைக்கு வேலை முடித்து வந்தார். புதுச் சேர்ட், சமையல் மணம் போகத் தாராளமாக சென்ட். வாசலில் நின்று மண்டபம் முழுவதையும் ஒரு தரம் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார். பிறகு என்னைக் கண்டு குனிந்து, "பிள்ளை, எங்கடை ஹோட்டலிலை இருந்து ஒரு ஆள் வந்தவவோ?" என்றார். நான் ஓமென்று சொல்லி, ஐந்து மணிக்கே வந்ததையும், நாங்கள் இருவரும் டிப் செய்ததையும், பெரியம்மா அதைக் கலக்கிவிட்டதையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஐந்து மணிக்கோ என்று மட்டும் கேட்டுவிட்டு விறுவிறென்று குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

பெரியம்மா நல்ல சந்தோசத்தில் இருந்தார். சித்தப்பாவைக் கண்டதும் தானாகவே கதை சொல்லத் தொடங்கினார். "தம்பி, இந்த மண்டபத்து அப்வார்ட் மனுசி தங்கமான மனுசி. நான் வரேக்கை பருப்புக் கொட்டுப்பட்டுப் போச்சு. ஏப்ரன் கட்டிக்கொண்டு நிண்டவ. துடைச்சுத் தருவீங்களோ எண்டு கேட்டன். ஒரு கதை இல்லை, மொப்பை எடுத்துத் துடைச்சிட்டுது. கழிவறைக்குக் கடதாசி முடிஞ்சுது எண்டன், அதையும் போட்டுத் தந்தது. நானும் விடேல்லை, வடை கட்டிக் குடுத்துத்தான் அனுப்பினனான்."

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற அப்வார்ட் ஒரு வயதான மீசைக்காரர். மறுநாள் காலை மண்டபத்துத் திறப்பைத் திரும்ப வாங்க வந்தபோது அவரை நானே கண்டேன். அப்போதும் எனக்கு எதுவும் விளங்கவில்லை. பெரியம்மா யாரோ ஒரு துப்புரவுக்காரியைப் பற்றிக் கதைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பெரியம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. விடியப்புறம் எழும்பி அலுவலகக் கட்டடங்களைத் துடைக்கிறவர் அவர். துடைப்பதை இழிவாக நினைக்கிற ஆள் இல்லை. ஏப்ரன் கட்டிய ஒரு வெளிநாட்டுப் பெண்ணைக் கண்டதும் தன்னைப் போல ஒருத்தி என்று எண்ணி, தனக்கு ஒருவரும் தராத வடையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

போர்த்துக்கல் அக்காவும் பிறகு கோபப்படவில்லையாம். யார் என்று சொல்லியிருக்கலாமே என்று சித்தப்பா கேட்டதற்கு, அந்த அம்மா அவ்வளவு மரியாதையாகக் கேட்டார், முதல் நாளே அவரை வெட்கப்பட வைத்துவிட்டு உங்கள் வீட்டுக்குள் எப்படி வருவது என்றாராம். வேறு யாராவது வந்து தன்னைக் கூட்டிப்போய் இருத்துவார்கள் என்று பார்த்தாராம். அப்படி ஒருவரும் வரவில்லை. ஏழு மணிக்குத்தான் என்றால் ஏன் ஐந்து என்று அச்சடிக்கிறீர்கள் என்று ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கிறார்.

அந்த வான் வண்டியில் போகும்போது சித்தப்பா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "வேலையிடத்துச் சுவிஸ்காரர் எல்லாருக்கும் ஏழு மணிக்கு வாங்கோ எண்டு சொன்னனான். அவவுக்குச் சொல்ல வேணும் எண்டு தோன்றேல்லை, பிள்ளை. அவவை எங்கடை ஆள் எண்டே நினைச்சிட்டன்."

இன்னொரு நாள் கூட்டிப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பெரியம்மா இல்லாத விசேஷம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அக்காவைக் கண்டால் பெரியம்மா அடையாளம் பிடித்துவிடுவார், பிடித்தால் வெட்கத்தில் சுருங்கிப்போவார். யாரையும் நோகடிக்காத ஒரு வழியைச் சித்தப்பா தேடிக்கொண்டிருக்க, கோடைக்காலம் முடிந்தது. போர்த்துக்கல் அக்கா சுவிஸின் பிரெஞ்சுப் பக்கம் வேறொரு ஹோட்டலில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சித்தப்பா பிறகு ஊரில் பெண் எடுத்தார். சித்தி நல்லவர், அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரவிருந்த ஒருவரை, வரும் முன்னரே உபசரித்து அனுப்பிவிட்டோம்.

பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அன்று குசினியில் அவர் கதையை முடித்ததும் சித்தப்பா ஒரு கடதாசித் தட்டை எடுத்து, கிண்ணத்திலிருந்து கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டு, சிப்ஸ்கூட இல்லாமல், விரலாலேயே வழித்துச் சாப்பிடத் தொடங்கினார். பச்சை மிளகாய் உறைத்திருக்க வேண்டும், கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தியே, தம்பிக்குப் பிடிச்சிருக்கு" என்று பெரியம்மா என்னிடம் சொல்லிவிட்டு, அவருடைய தட்டில் இன்னும் இரண்டு கரண்டி போட்டார். சித்தப்பா அதையும் சாப்பிட்டார். வெளியே கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். அவர் நிமிரவில்லை. மத்தியானம் ஹோட்டலில் சாப்பாடு கொடுத்திருக்க மாட்டார்கள், சித்தப்பாவுக்கு நல்ல பசி என்று நினைத்துக்கொண்டு நான் கேக்குக்கு ஓடினேன்.