தவநேசன் சேர் ஆயத்தம் செய்துவைத்த கணினிகள்

தவநேசன் சேர் போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய மனைவி ராணி அக்காதான் தொலைபேசியில் சொன்னார். நான் பாடசாலைக் கணினி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். "படுத்தபடியே போயிட்டார் டீச்சர், நோவு ஒண்டும் இல்லாம," என்றார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கடைசி மாதங்களில் அவர் பட்ட பாட்டைப் பார்த்த எவரும் இதைத் தப்பாக எடுக்கமாட்டார்கள். அழுகை பிறகு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வந்தது.

செட்டிபாளையத்தில் ஒரே பாடசாலையில் படிப்பித்தவர்கள் நாங்கள். அவர் கணிதம், நான் கணினி. ஓய்வறையில் ஒரே பிளாஸ்க் தேநீருக்குச் சண்டை பிடித்தவர்கள். அவருடைய பிடிவாதம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் பகுதிக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு நடந்தது. கணினியில் நிரல் எழுதிக் கணக்குச் செய்யப் பழக்குவது நோக்கம். நடத்த வந்தவர்கள் வெளியூர்க்காரர்; வேண்டிய மென்பொருளை அங்கேயே இணையத்தில் இறக்கலாம் என்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்க, இணையம் படுத்துவிட்டது. மத்தியானமாகியும் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் அந்தப் பச்சைக் கோடு திரையில் நகர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெயந்தி டீச்சர் வாகரையிலிருந்து விடியமுதல் பஸ் ஏறி வந்தவர். ஒரு வரியும் எழுதாமல் திரும்பினார். போகும்போது, தன்னை வரச்சொன்ன சேரிடம், "இது எங்கட மண்டைக்கு ஏறாது சேர். இனி என்னக் கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்கச் சேருக்கு முகமே சரியில்லை. "கணக்கில தோற்கலாம் டீச்சர். கணக்குத் தொடங்க முதலே தோற்கப்படாது," என்றார். அதே ஆட்களுக்கு நாங்களே இன்னொன்று நடத்துவது என்று முடிவெடுத்தார். அப்போதே அவருக்குத் தன் நோய் தெரியும். இந்தத் தடவையும் செயலமர்வு குழம்பிப்போனால் ஜெயந்தி டீச்சர் மட்டுமல்ல, எவருமே திரும்பி வரமாட்டார்கள் என்பதும் தெரியும்.

ஆயத்தம் தொடங்கியது. எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு தடவை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தார். இனி இணையமே வேண்டாம் என்று எங்கள் கணினி அறையின் இணைய வயரைக் கழற்றி என் மேசை லாச்சிக்குள் போட்டார். ஆனால் எந்தக் கணினியிலும் மென்பொருள் ஏறவில்லை. பாதியில் சிவப்பு எழுத்து வந்து நின்றது. கரண்டைத் திட்டினார், பென்டிரைவைத் திட்டினார், பிறகு என்னையும் திட்டினார். கடைசியில் பார்த்தால் குற்றவாளி அவரேதான். வருகிறவர்கள் தங்கள் ஊரைப் பார்த்தவுடன் சந்தோஷப்படட்டும் என்று ஒவ்வொரு கணினியிலும் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தார்: வாகரை, தேற்றாத்தீவு என்று. மென்பொருள் போய் ஏறும் கோப்புறையும் அந்தப் பெயரில்தான் இருக்கும். தமிழ் எழுத்துள்ள கோப்புறைக்குள் தன் கோப்புகளைத் தேடிப்பிடிக்க அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் மாற்றுங்கள், வேலை முடிந்தது என்றேன். என்னைச் சோம்பேறி என்றார். மென்பொருளைத் தமிழ் எழுத்தில்லாத வேறொரு கோப்புறையில் ஏற்றினால் போதும் என்று கண்டுபிடித்து, கணினி கணினியாகக் குந்தியிருந்து ஏற்றினார். ஊர்ப் பெயர்கள் அப்படியே இருந்தன. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவரை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது.

அதோடு விட்டாரா? ராணி அக்காவைக் கூட்டிவந்து ஒரு கணினிக்கு முன்னால் இருத்தினார். அக்கா அதுவரை கணினியைத் தொட்டதில்லை. வருகிறவர்களுக்காக நாங்கள் எழுதிய வழிகாட்டித் தாளைக் கையில் கொடுத்து, அதைப் பார்த்து ஒரு கூட்டல் கணக்கை ஓட்டச் சொன்னார். அக்கா இரண்டாம் வரியிலேயே தடுமாறி, தனக்கு விளங்கவில்லை என்று எழும்பப் பார்த்தார். "நீ இரு. பிழை உன்னில இல்ல, தாளில," என்று சேர் அந்த வரியை வெட்டி வேறு விதமாக எழுதினார். அக்கா தடுமாறிய இடமெல்லாம் தாள் மாறியது. அக்கா மாறவேயில்லை. கடைசியில் விடை திரையில் வந்தபோது அக்காவுக்கு வந்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

செயலமர்வு நாளில் சேர் ஆஸ்பத்திரியில். ராணி அக்காவைவைத்துத் தாளைத் திருத்திய கதையையும் சொல்லி, ஜெயந்தி டீச்சரை வரவழைக்க நான் கெஞ்சவேண்டியிருந்தது. ஒரு பக்கம் வாவி வளைந்து கிடக்கும் வயல் வட்டையின் பரப்பளவு காண்பதுதான் முதல் கணக்கு. நிலத்தை ஒடுங்கிய நீளத் துண்டுகளாக, கீலங்களாகப் பிரித்துக் கூட்டவேண்டும். கீலங்களின் எண்ணிக்கை கூடக் கூட விடை அசையாமல் ஓரிடத்தில் வந்து நிற்கும். தேநீருக்கு முதலே எல்லோருடைய விடையும் வந்து நின்றது. நான் வெளியே ஓடிப்போய்ச் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எல்லாம் ஓடிச்சா?" என்றார். குரல் காற்றாய்த்தான் வந்தது.

"ஓம் சேர், ஒண்டும் நிக்கல்ல."

"ஜெயந்தி டீச்சர்?"

"அவ பக்கத்தில இருக்கிறவக்குச் சொல்லிக்குடுக்கிறா."

அவர் நீளமாக மூச்சை இழுத்து விட்ட சத்தம் கேட்டது. அந்த வாரம் முடியுமுன் போய்விட்டார்.

சேருடைய முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஜெயந்தி டீச்சர் வாகரையிலிருந்து வந்திருந்தார். தங்கள் பாடசாலையிலும் இதைத் தொடங்கப்போவதாகச் சொல்லி, கணினிகளைப் பார்த்துத்தர வரமுடியுமா என்று கேட்டார். நான் ஓம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது என்னை அல்ல, ராணி அக்காவை.

"எனக்கு ஒண்டும் தெரியாதே பிள்ள," என்றார் அக்கா.

"அதுக்குத்தான் அக்கா கூப்பிடுறன்."

வருகிறவர் வந்து உட்காருமுன், அவர் படக்கூடிய பயத்தையெல்லாம் நாமே பட்டு முடித்துவிடவேண்டும். தவநேசன் சேரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். ராணி அக்கா வாகரைக்கு வரச் சம்மதித்துவிட்டார்.