பாக்கியலெட்சுமியின் மஞ்சள் சேலை

தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் யசோதினி ஒரு பொலித்தீன் கூடாரம் போட்டிருந்தாள். உள்ளே இருநூற்று நாற்பது தக்காளிச் செடிகள். இந்த அறுவடை கைகொடுத்தால் அவள் அம்மாவோடு இருப்பாள். இல்லாவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவாள். கடவுச்சீட்டு ஏற்கெனவே ஏஜென்சிக்காரரிடம் இருந்தது.

அம்மா பாக்கியலெட்சுமி இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். தக்காளியைப் பற்றி மகள் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும்.

யசோதினி மருந்து அடிப்பதில்லை. மருந்து படாத தக்காளியைக் கிலோ நானூற்றைம்பதுக்கு எடுப்பதாக எல்ல நகரில் ஒரு ஹோட்டல் சொல்லியிருந்தது. ஒருமுறை அடித்தாலும் அந்த விலை போய்விடும். ஆகவே பூச்சியை உள்ளே விடாமல் இருப்பதுதான் அவளுடைய முழு வியாபாரமும். வாசலுக்கு இரண்டு கதவு; ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக்கூடாது. நடுவில் நின்று உடுப்பு மாற்ற வேண்டும். உள்ளே பசை தடவிய மஞ்சள் அட்டைகள் தொங்கின. வெள்ளை ஈ மஞ்சளைக் கண்டால் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

"தொரை பங்களாவுக்குள்ள போறதுக்குக்கூட இவ்வளவு சட்டம் இல்ல புள்ள."

"நீங்க எப்பம்மா பங்களாவுக்குள்ள போனீங்க?"

"வாசல் வரைக்கும் போயிருக்கேன்ல."

செடி பூத்தபோது பாக்கியலெட்சுமி தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். திருவிழாவன்று மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுத்தாள். திரும்பும்போது பக்கத்து லயத்துக் கணபதியின் இலை சுருண்டு கிடந்த மிளகாய்ப் பாத்திகளுக்குள் புகுந்து இறங்கினாள். யாருக்காக நேர்ந்தோமோ அவருக்குத் திருநீறு வைக்கும்வரை அந்தச் சேலையை மாற்றக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவள் நேர்ந்ததோ தக்காளிக்கு. கட்டிய சேலையோடு இரண்டு கதவையும் தாண்டிப் போய், வரிசைக்கு வரிசை முதல் செடியின் தண்டில் திருநீறு தொட்டு வைத்தாள்.

தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்த யசோதினி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த குழாயைக் கீழே போட்டாள். பிறகு அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போய், சேலையை வாங்கி ஒரு பொலித்தீன் பைக்குள் திணித்து, வாயை இறுக்கிக் கட்டினாள்.

"என்னத்துக்குப் புள்ள?"

"மழை வருதும்மா. சாயம் போயிடும்."

மூன்றாவது வாரம் குருத்திலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. வெள்ளை ஈ கொண்டுவரும் நோய். பிடித்த செடிக்கு மருந்தே கிடையாது, மிச்சச் செடியைத்தான் காப்பாற்றலாம். பதுளை மரக்கறிக் கடைக்காரர் வாஹித் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அடிச்சிருங்க தங்கச்சி. மிச்சத்தை நான் எடுக்கிறேன், கிலோ நூத்தி அறுபதுக்கு."

"மருந்து அடிக்காததுக்கு?"

"அதுக்கும் நூத்தி அறுபதுதான். சந்தைக்கு வாரவன் செவப்பத்தான் பார்ப்பான், மனசப் பார்க்கமாட்டான்."

நூற்றறுபதுக்கு விற்றால் பசளைக்கும் பொலித்தீனுக்குமே காணாது. யசோதினி அடிக்கவில்லை. வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தாள், மஞ்சள் அட்டைகளை இன்னும் கூட்டித் தொங்கவிட்டாள், சுருண்ட செடிகளைப் பிடுங்கி எரித்தாள். முதலில் முப்பது, பிறகு தொண்ணூறு. மிஞ்சியவை கோலிக்குண்டு அளவில் காய்த்தன. ஹோட்டல்காரர் அவள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

"எங்கயிருந்து புள்ள வந்திச்சு இந்தச் சனியன்?"

"காத்துல வந்திருக்கும்மா."

யசோதினி குவைத்துக்குப் போன மறுவாரம், பாக்கியலெட்சுமி அந்தப் பையை அவிழ்த்துச் சேலையைத் துவைத்துக் கூடாரத்துப் பக்கமாகக் காயப்போட்டாள். வெயில் ஏறியபோது எடுக்கப் போனவள் நின்றுவிட்டாள். சேலை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொடி. கையை நீட்டினாள். பொடி எழும்பிப் பறந்தது. சுற்றிவிட்டு மறுபடி சேலையிலேயே வந்து உட்கார்ந்தது. பின்னால் கூடாரத்துக்குள் அட்டைகள் அப்படியே தொங்கின. அதே மஞ்சள். அவற்றில் பாதியைக் கட்டியது அவள் கைதான்.

இறுக்கிக் கட்டிய அந்தப் பையின் முடிச்சு அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை மகள் பேசினாள். சாப்பாடு, குளிர், இருமல் எல்லாம் விசாரித்தாள். பாக்கியலெட்சுமி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "யசோ," என்றாள்.

"என்னம்மா?"

"அந்த ஈ... அது காத்துலயா வந்திச்சு?"

மறுமுனையில் யாரோ அரபியில் அவளைக் கூப்பிடுவது கேட்டது.

"ஆமாம்மா," என்றாள் யசோதினி. "காத்துலதான். நீங்க சாப்பிட்டுப் படுங்க."