'மாமா வேணாம்' என்ற ஃபோல்டர்

"ஏன் சார், நான் மட்டும் ஒரு பொட்டியில தனியா இருக்கேனே, இன்னா விஷயம்?"

கீழ்பென்னாத்தூர் ஏழுமலை வீடியோ காலில் இப்படிக் கேட்டபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. அவருடைய தங்கை மகளின் கல்யாண வீடியோவை எடிட் செய்து, குடும்பத்தாருக்கு ஸ்கிரீன் ஷேரில் காட்டிக்கொண்டிருந்தேன். படம் ஓடும் ஜன்னலை மட்டும் காட்டியிருக்க வேண்டும். நான் முழு ஸ்கிரீனையும் காட்டிக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் ஒரு ஃபோல்டர் திறந்து கிடந்தது. அதில் வரிசை வரிசையாக ஏழுமலையின் முகம். மேலே நான் வைத்த பெயர்: 'மாமா வேணாம்'.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஃபோல்டரை மூடாமல் விட்டது சின்னத் தப்பு. அதற்குப் பிறகு செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

1. நானும் சுகுணாவும்

நான் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன். ஒளியைப் பற்றிப் படித்துவிட்டு முகூர்த்த லைட் பிடிக்கப் போனவன் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். திருவண்ணாமலையில் நெடுங்காலம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். வயதானதும் கடையைக் காலி செய்துவிட்டு, வேங்கிக்கால் வீட்டு மாடியில் எடிட்டிங்கை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சுகுணா என்னிடம் கலரும் சவுண்டும் பார்த்தவர். கீழ்பென்னாத்தூரில் விவசாயக் குடும்பம்; விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவர். முதலில் ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவார். ஒரு பௌர்ணமியன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தோடு நடந்து, வழி மாறி, சாயங்காலம் வந்து சேர்ந்தார்.

"சார், உங்க ஹார்ட் டிஸ்க் பாதி மலைய சுத்தி வந்துடுச்சு. மீதியையும் சுத்திட்டா அதுக்கு மோட்சம்தான், டேட்டா திரும்பி வராது" என்றார்.

அதோடு இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்வது என்று முடிவு செய்தோம். நான் வெட்டி ஒட்டுவேன். அவர் பார்த்துக் கலரைத் திருத்துவார். கஸ்டமருக்குக் காட்டும் நாளில் எல்லோரும் ஒரே வீடியோ காலில் சேர்வோம். நான் படத்தை ஓட்டுவேன். "அங்க நிறுத்துங்க" என்று அவர்கள் சொன்னால் நிறுத்துவேன். படம் திக்கித் திக்கி ஓடுகிறதென்று யாராவது சொன்னால், "அது நெட்டு, என் எடிட்டிங் இல்ல" என்பேன். பல நாள் அது உண்மையாகவும் இருந்தது.

2. ரகசியமாக வந்த போன்

மணப்பெண் நித்யா கல்யாணம் முடிந்ததும் கணவரோடு டொரன்டோ போய்விட்டாள். அவளுடைய அப்பா கஜேந்திரன் வேங்கிக்காலில் புதுவீடு கட்டிக் குடியேறியவர். ஏழுமலை நித்யாவின் தாய்மாமன்.

அந்தக் கல்யாணத்தில் ஏழுமலை கொண்டுவந்த சீர் வரிசை மண்டப வாசலில் நுழையத் தொடங்கி, அதன் வால் உள்ளே வருவதற்குள் மேளக்காரர் இரண்டு முறை மூச்சு வாங்கினார். அதற்குப் பிறகு எந்த ஷாட்டைப் பார்த்தாலும் ஏழுமலை. தாலி கட்டும் ஷாட்டில் மாப்பிள்ளையின் தோளுக்கு மேல் ஒரு மீசை தெரியும், அது அவருடையது. போதாததற்கு என் கேமராமேனைத் தோளைப் பிடித்துத் திருப்பி, "இந்தாண்ட வந்து எடுப்பா, இங்கதான் வெளிச்சம் ஜாஸ்தி" என்று தொழிலும் கற்றுக்கொடுத்தார்.

முதல் எடிட்டை அனுப்பியதும் கஜேந்திரன் போன் செய்தார்.

"சார், படத்த பாத்தா கல்யாணம் எம் பொண்ணுக்கா எம் மச்சானுக்கான்னே தெரியல. அவர கொஞ்சம் கம்மி பண்ணுங்க. நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேணாம்."

எனக்கும் அதே எண்ணம்தான். சந்தோஷமாக ஏழுமலை வரும் துண்டுகளைப் பொறுக்கி ஒரு ஃபோல்டரில் போட்டேன். எங்கள் தொழிலில் ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதில் யாரும் கஞ்சத்தனம் செய்வதில்லை. 'தூங்கும் தாத்தா', 'பந்தியில் சண்டை', 'சிரிக்கத் தெரியாத மாப்பிள்ளை' என்றெல்லாம் வைப்போம். நம்மைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

3. பழி போட்டது

நமக்குச் சாயங்காலம், நித்யாவுக்குக் காலை. அவள் காபியோடு உட்கார்ந்திருந்தாள். கஜேந்திரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏழுமலை போனைப் பிடித்திருந்த கோணத்தில் அவருடைய மீசையும் மேலே ஓடும் ஃபேனும்தான் தெரிந்தன. சுகுணா குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஏழுமலை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நித்யா திரைக்கு அருகில் வந்து படித்தாள். "மாமா வேணாமா? யாரு எழுதுனது இத?"

கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவரைக் காட்டிக்கொடுக்க முடியாது. என் பெயரும் கெடக்கூடாது. மீதி இருந்தவர் ஒருவர்தான்.

"ஃபோல்டர் பிரிக்கறதெல்லாம் சுகுணா வேலைம்மா. ஏதோ தெரியாம பண்ணியிருப்பாங்க" என்றேன்.

சுகுணாவின் மைக் திறந்துதான் இருந்தது. அவர் வீட்டு வாசலில் கோழி கத்துவது கேட்டது. "சரி பண்ணிடறேன் சார்" என்றார்.

"நம்ம தெருப் பொண்ணு. நீயாம்மா இப்படி?" என்றார் ஏழுமலை. பதில் வருமென்று காத்திருந்துவிட்டு, "சரி விடு. ஓட்டுங்க சார் படத்த" என்றார். அதன் பிறகு கடைசிவரை அவர் வாய் திறக்கவில்லை. அவ்வளவு பேசுகிற மனிதர்.

4. சொல்லாமல் இருந்தது

அந்தத் தெருவில் பெயர் கெடுவது சுகுணாவுக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் தனியாகத் தொழில் தொடங்க இருந்தார். ஏழுமலையின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "எடுக்கறது, எடிட்டிங்கு எல்லாம் நீதாம்மா" என்று ஏழுமலை வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். சுகுணா தன் சொந்தப் பெயரில் செய்யப்போகும் முதல் கல்யாணம் அது. என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் பார்த்திருக்கிறேன்.

கால் முடிந்ததும் அவருக்குப் போன் செய்தேன். "தப்பா எடுத்துக்காதம்மா. கஸ்டமர் மானத்த காப்பாத்த வேண்டியதா போச்சு."

"புரியுது சார். ஆனா ஏழுமலை ஐயா கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நானே போய் சொன்னா தப்பிக்கப் பாக்கறேன்னு நெனப்பாரு."

"நாளைக்கே சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. வயலில் மணிலாக் கடலை பிடுங்கும் சமயம், வேலையாக இருப்பார் என்று ஒரு நாள் தள்ளினேன். போனில் சொல்லும் விஷயமா, நேரில் போகலாம் என்று ஒரு வாரம் தள்ளினேன். கஜேந்திரனின் ரகசியம் வெளியே வந்துவிடும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்தக் கல்யாணம் கிடைத்துவிட்டால் சுகுணா என்னை விட்டுப் போய்விடுவார். என் கண்ணுக்கு இப்போதெல்லாம் அரக்கும் சிவப்பும் ஒன்றாகத் தெரிகின்றன. பட்டுப்புடவையின் நிறத்தைச் சரியாகக் கொண்டுவர அவர் இல்லாமல் என்னால் முடியாது. அவர் போகாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அதற்காக வாயைத் திறக்காமல் இருந்தேன்.

சுகுணா வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஸ்கிரீன் ஷேர் பட்டனை நான் தொடும்போது மட்டும், "சார், எல்லாத்தையும் மூடிட்டீங்களா? இன்னும் எம் பேர்ல எழுத வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கா?" என்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். நானும் சிரிப்பேன்.

5. சொன்னது

கடைசிப் பார்வைக்கு எல்லோரும் மறுபடி சேர்ந்தோம். ஏழுமலையின் சீர் வரிசையை முழுதாகச் சேர்த்திருந்தேன். அந்தப் பகுதிக்குச் சுகுணா செய்திருந்த கலரில், தாம்பாளத்து மாம்பழம் கையில் எடுக்கலாம்போல இருந்தது. "மாமா, நீங்க செம்மயா இருக்கீங்க" என்றாள் நித்யா. "அந்தப் பொண்ணு வேலை நல்லாத்தான் செய்யுது" என்று ஏழுமலை மெதுவாகச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் ஒரு 'ஆனால்' இருந்தது.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏழுமலை சார், அந்தப் பேரு வெச்சது நான்தான். உங்கள தனியா பிரிச்சதும் நான்தான். சுகுணாவுக்கு அதுல சம்பந்தமே இல்ல. நான் பொய் சொன்னேன்."

ஃபேனுக்குக் கீழே மீசை குலுங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எம் மேல இன்னா சார் கோவம்? சொல்லிக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதா? மாப்ள, அன்னைக்கு அந்தக் கண்ணாடிய அப்படித் தொடச்சியே, தேஞ்சி போயிருக்கணுமே!"

"இல்ல மச்சான்... வந்து..." என்று கஜேந்திரன் இழுத்தார்.

"அப்பா!" என்றாள் நித்யா.

எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் ஏழுமலை சுகுணாவைக் கூப்பிட்டார். "ஏம்மா, நீ பண்ணலன்னா அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"சார் இருக்கும்போது எப்படிங்க சொல்றது?"

"அட போம்மா. போன வாரம்தான் வேற ஆளுக்கு வெத்தல பாக்கு வெச்சிக் குடுத்தேன். குடுத்த வாக்க இன்னான்னு மாத்தறது?"

"பரவால்லங்க" என்றார் சுகுணா.

மற்றவர்கள் போனபின் அவருடைய சதுரம் மட்டும் திரையில் இருந்தது. "பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தா போதும் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

6. முதல் பந்தி

ஏழுமலை மகன் கல்யாணத்துக்கு எங்கள் இருவருக்கும் பத்திரிகை வந்தது. போனோம். வேறு யாரோ ஒரு பையன் ட்ரோனை மண்டபத்து மேல் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். சுகுணா பட்டுப்புடவை கட்டி, நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் மாலை போடும்போது கேமரா எங்கோ போயிருந்தது. சுகுணாவின் உடம்பு தானாக நாற்காலியிலிருந்து ஓர் அங்குலம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. நான் பார்க்காததுபோல இருந்தேன்.

சாப்பாட்டுக்கு முதல் பந்தியிலேயே எங்களை உட்காரவைத்தார் ஏழுமலை. கேமரா பிடிப்பவர்களுக்குக் கடைசிப் பந்திதான் என்பது எந்தக் கல்யாணத்திலும் மாறாத சட்டம். இலையில் வடை விழுந்ததும் சுகுணா என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார், உங்க புண்ணியத்துல வடை சூடா கெடைக்குது."

நான் என் வடையை இலையின் ஓரத்துக்குத் தள்ளினேன். அவர் இரண்டு வடை சாப்பிட்டார்.

இப்போது சுகுணா தனியாகத்தான் தொழில் செய்கிறார். நான் பயந்தபடியே போய்விட்டார். பிடித்து வைத்ததில் எனக்கு மிஞ்சியது சில மாதங்கள். அவர் இழந்தது ஒரு தொடக்கம்.

இளையவர்களே, முழு ஸ்கிரீனை ஷேர் செய்யாதீர்கள். படம் ஓடும் ஜன்னலை மட்டும் கொடுங்கள். இதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது இது: கூட வேலை செய்கிறவர் மேல் ஒரு வீடியோ காலில் பழி போட்டுவிட்டால், அந்தக் காலிலேயே, எல்லோரும் இருக்கும்போதே, அதை எடுத்துவிடுங்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தால், நாளைக்குள் எங்கோ ஒரு வீட்டில் யாருக்கோ வெற்றிலை பாக்கு வைத்துவிடுவார்கள்.