பழைய அரத்தில் மூன்று துளை

பலாப்பழ சீசன் வந்தால் முத்தாண்டிக்குப்பத்து மாமனார் வீட்டுப் பழம் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடும். போன வருஷம் பழம் வெட்டும்போது கத்தியின் பிடி கழன்று என் மனைவியின் உள்ளங்கை கிழிந்தது. நாலு தையல். ஆறின பிறகும் பெரிய காய் எதையும் வெட்டப் பயந்தாள். பிடி அசையாத கத்தி ஒன்று என் கையாலேயே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கென்ன, மைன்ஸ் வொர்க்ஷாப்பில் இருபது வருஷமாகத் துளை போடுகிறவன். பெர்மனென்ட் வேறு. பழைய பெரிய அரம் ஒன்றை எடுத்து, உடையாமலிருக்க லேசாகச் சூடுகாட்டி, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து கிரைண்டரில் பிடித்துக் கத்தியாக்கினேன். அழகாகவே வந்தது. பிடிக்கு ஆணி அடிக்க மூன்று துளை போட்டால் முடிந்தது வேலை.

தோட்டத்துப் பக்கம் டிரில் மெஷினை வைத்து முழு வேகத்தில் ஓட்டினேன். கிறீச்சென்று அலறியதே தவிர ஒரு துகள்கூட வரவில்லை. துளைபோடும் பிட்டின் முனை நீலம் பாரித்து மழுங்கிவிட்டது. இன்னொரு பிட், அதுவும் போச்சு. மூன்றாவது முறிந்தே விழுந்தது. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, அரை மணியா கத்திக்கினே இருக்குது? ஓட்டை வுழுந்துதா இல்லியா?"

"விழும், விழும். நீ உன் வேலையைப் பாரு," என்று எரிந்து விழுந்தேன்.

எங்கள் ஷாப்பில் காண்ட்ராக்டில் ஒருவர் இருக்கிறார். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், என் வயதுதான். லீவு நாளில் நெல் அறுவடை மெஷின் பிளேடுகளைப் பழுது பார்ப்பார். அவரைக் கேட்டால் வழி தெரியும் என்று முதல் பிட் மழுங்கியபோதே எனக்குத் தெரியும். ஆனால் பெர்மனென்ட் ஆள் போய் காண்ட்ராக்ட் ஆளிடம் துளை போடுவது எப்படி என்று கேட்பதா? எங்கள் ஷாப்பில் அந்தப் பழக்கமே கிடையாது. ஒரு வாரம் கெத்தாக இருந்தேன்.

அதற்குள் இந்த வருஷப் பழம் வந்து இறங்கிவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்தால், மனைவி அந்தப் பழைய கத்தியின் பிடியில் துணி சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"அதைக் கீழ வை. நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்க."

மறுநாள் டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் அந்தக் காண்ட்ராக்ட் ஆளிடம் கேட்டே விட்டேன்.

"அது அரம் சார், நம்ம சாதா மைல்ட் ஸ்டீல் இல்ல, ரொம்பக் கெட்டி. வெட்டுற பக்கத்தத் தண்ணியில முக்கி வெச்சிக்கினு, பிடிப் பக்கத்த மட்டும் செவக்கக் காய்ச்சி அப்பிடியே ஆற வுடுங்க, அந்த எடம் மட்டும் இளகிடும். அப்பறம் எண்ண வுட்டு, மெதுவா ஓட்டி, நல்லா அழுத்துங்க."

சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருபது வருஷ சர்வீஸுக்கு இதெல்லாம் சகஜம் என்று நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் சொன்னபடியே செய்தேன். கம்பி கம்பியாக இரும்புச் சுருள் கிளம்பி வந்தபோது எனக்குச் சின்னப் பிள்ளைபோல் சந்தோஷம். வேப்பங்கட்டையைப் பிடியாக வைத்துப் பித்தளை ஆணி மூன்றையும் அடித்துக் கொடுத்தேன்.

மனைவி பிடியை முறுக்கிப் பார்த்தாள். தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு கத்தியைப் பழத்தின் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். நான் அந்த மூன்று ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பழத்தை மட்டும்தான் பார்த்தாள்.

"மரம் மாதிரி நின்னுக்கினு இருக்காதிங்க," என்றாள். "கைக்குத் தடவ எண்ண எடுத்துக்கினு வாங்க, பால் ஒட்டுது."